ஐயரு சொன்னாங்க

போதகர் வேதமாணிக்கத்துக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து மூன்று சந்து உள்ளே தள்ளி இருந்தது அவருடைய சபை. முப்பதடி நீளம், இருபதடி அகலம், செங்கல் சுவர், தகரக் கூரை. ஒட்டினாற்போல ஷாகுல் ஹமீதின் தோல்பைப் பட்டறை. அங்கே தையல் மிஷின்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். ஜூன் பிறந்துவிட்டால் மழை வேறு தகரத்தில் வந்து கொட்டும். இரண்டையும் மீறி அவர் குரல் சந்துமுனை டீக்கடைவரை போய்ச் சேரும். டீக்கடைக்காரர் பிரசங்கம் முடியும்வரை ரேடியோவைத் திருப்பமாட்டார், திருப்பினாலும் பிரயோஜனமில்லை என்று. வெளியூர்ப் போதகர்கள் மழைக்காலத்தில் இந்தப் பீடத்தில் ஏறி, பத்து நிமிஷம் கத்திப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். வேதமாணிக்கம் நாற்பது நிமிஷம் பேசுவார். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான்.

அதில் அவருக்குப் பெருமை உண்டு. யாராவது பாராட்டினால் கர்த்தர் கொடுத்தது என்று தலையைக் குனிந்துகொள்வார். ஆனால் ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் மனைவி ரூபிணியிடம், "கடைசி பெஞ்சுக்குக் கேட்டுச்சா?" என்பார். "பாந்த்ராவுக்கே கேட்டுச்சு, சாப்பிடுங்க" என்பாள் ரூபிணி.

எண்பத்தாறாம் வருஷம் பிப்ரவரியில் அந்தக் குரல் போயிற்று. முதலில் கரகரப்பு. பிறகு வார்த்தையின் பாதியில் காற்று மட்டும் வந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் கட்டி என்றார்கள். நல்லவேளை, பயப்படுகிற மாதிரியான கட்டி இல்லை. எடுத்தார்கள். எடுத்த டாக்டர் மராட்டிக்காரர், நல்ல மனுஷர். மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது, அதற்குப் பிறகும் கிசுகிசுப்புதான் வரும், பழைய குரலை மறந்துவிடுங்கள் என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார். வேதமாணிக்கம் பையிலிருந்த சின்ன நோட்டில், 'நான் பிரசங்கி' என்று எழுதிக் காட்டினார். தமிழில் எழுதியிருந்தார். டாக்டருக்குப் புரியவில்லை. ரூபிணிதான் சொல்ல வேண்டியிருந்தது. 

சபையில் அறுபது குடும்பம். நாசரேத், சாயர்புரம், சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோல் கிடங்கு வேலை, பை தைக்கிற வேலை, இரண்டு பஸ் கண்டக்டர், கோட்டை ஏரியாவில் டைப் அடிக்கிற ஒரு பெண். பிள்ளைகள் முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்தில் இந்தி படித்தவர்கள். தமிழ்க் கீர்த்தனைகளை இந்தி எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுவார்கள். ஊர் வழக்கப்படி போதகரை எல்லோரும் ஐயர் என்பார்கள், ரூபிணியை ஐயரம்மா.

சபைச் செயலாளர் செல்லத்துரை மளிகைக் கடை வைத்திருந்தார். கடையைத் திறப்பதற்கு முன்னால் சபையைத் திறந்து கூட்டிவிட்டுப் போகிற மனுஷர். போதகர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினம் இரண்டு வேளை கஞ்சி அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. அதே செல்லத்துரைதான், பீடம் காலியாகக் கிடக்கக் கூடாது என்று கல்யாணிலிருந்து ஓர் இளம் பிரசங்கியாரை ஞாயிறுதோறும் வர ஏற்பாடு செய்தார். பையன் கெட்டிக்காரன். கறுப்புப் பேண்ட், மடிப்புக் கலையாத சட்டை, பேச்சில் கொஞ்சம் இங்கிலீஷ். ஆராதனை முடிந்ததும் மணியைப் பார்ப்பான், ஒரு மணி லோக்கல் ரயிலுக்கு ஓடுவான். யார் வீட்டுக்கும் போனதில்லை. போக அவனுக்கு நேரமும் இல்லை.

முன் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த வேதமாணிக்கம், ஈஸ்டர் முடிந்த வாரம் நான்கு வரியில் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதி, கடைக்குப் போய்க் கொடுத்தார். செல்லத்துரை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கமிட்டியில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, வந்த வாடிக்கைக்குப் பருப்பு நிறுக்கப் போய்விட்டார். அந்த மாதக் கமிட்டியில் அது பேசப்படவில்லை. அடுத்த மாதத்திலும் இல்லை.

பிரசங்கம் போய்விட்டால் ஒரு போதகருக்கு என்ன மிச்சம்? வீடு வீடாகப் போவதுதான். முன்பும் போவார். ஒரு சாயங்காலத்தில் ஆறு வீடு. உள்ளே நுழைந்து ஒரு சங்கீதம் வாசித்து, சந்தே கேட்கும்படி ஜெபித்து, கொடுத்த காப்பியைக் குடித்துக் கிளம்பிவிடுவார். இப்போது முதல் வீட்டிலேயே தடுமாறினார். அந்த வீட்டு அம்மாளுக்கு எழுத்துத் தெரியாது, நோட்டை நீட்டிப் பயனில்லை. ஜெபிக்கக் குரல் இல்லை. எழுந்து வரவும் முடியாது, காப்பி அடுப்பில் இருக்கிறது. எனவே சும்மா உட்கார்ந்தார். அந்த அம்மாள் காப்பியை ஆற்றிக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள். பிறகு மருமகளைப் பற்றி ஆரம்பித்து, ஊரில் விற்றுவிட்டு வந்த பனங்காட்டைப் பற்றிச் சொல்லி, கடைசியில் பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோன தன் தலைப்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பிள்ளை இருந்ததே வேதமாணிக்கத்துக்குத் தெரியாது. பதினான்கு வருஷமாக அவர் ஜெபித்துக்கொண்டிருந்த வீடு அது.

அதன் பிறகு ஒரு சாயங்காலத்துக்கு ஒரு வீடு என்று ஆயிற்று.

ஜூன் கடைசியில், ஒரு ஞாயிறு மத்தியானம், தங்கமயில் வீட்டுக்குப் போனார். தங்கமயிலுக்கு நாற்பத்திரண்டு வயது. ஷாகுல் ஹமீது பட்டறையில் பைகளுக்கு உள்துணி ஒட்டுகிற வேலை. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருக்கும். படித்தவள் இல்லை. பத்து மணி ஆராதனைக்கு ஒன்பதரைக்கே வந்து, பெண்கள் பக்கம் சுவரோரம் உட்காருவாள். ஆமென் சொல்லும்போதுகூட அவள் சத்தம் தனியாகக் கேட்டதில்லை. அவள் புருஷன் சுடலை சபைக்காரர் இல்லை. தோல் கிடங்கில் ஈரத்தோல் அடுக்கு முதுகில் சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்ப் பதினோரு வருஷமாகப் படுக்கையில் கிடந்தார். வேதமாணிக்கம் வருஷத்துக்கு இரண்டு தரம் போய் அவர் சுகத்துக்காக உரக்க ஜெபித்துவிட்டு வருவார். சுடலை அந்த நேரம் முழுக்கக் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று சந்துக்குள் திரும்பியதுமே ஒரு பெண்ணின் குரல் கேட்டது. கணீரென்று, ஏற்ற இறக்கத்தோடு. தங்கமயில் வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து அறையில் குடியிருக்கும் சைனப், மடியில் பைக் கைப்பிடிகளைப் போட்டுத் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். போதகர் வருவதை யாரும் பார்க்கவில்லை. சந்து வளைவில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

பேசியது தங்கமயில். பெதஸ்தா குளத்தின் கதை. முப்பத்தெட்டு வருஷம் படுத்துக் கிடந்தவனிடம் இயேசு வந்து, உனக்குச் சுகமாக விருப்பமா என்று கேட்ட கதை. மூன்று வருஷத்துக்கு முந்தி அவர் பிரசங்கித்தது. அவருக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அது அவருடைய சிறந்த பிரசங்கங்களில் ஒன்று. ஐந்து மண்டபங்கள் மோசேயின் ஐந்து ஆகமங்கள், முப்பத்தெட்டு வருஷம் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அலைந்த காலம் என்றெல்லாம் மூன்று தலைப்பாகப் பிரித்து, குறிப்பெடுத்துப் பேசியிருந்தார். தங்கமயிலிடம் அந்த மூன்று தலைப்பும் இல்லை. குளம் இருந்தது, படிக்கட்டில் ஈரம் இருந்தது, ஈ மொய்த்தது, கிடந்தவன்மேல் கால் படாமல் ஜனங்கள் தாண்டிப் போனார்கள்.

உள்ளேயிருந்து சுடலையின் குரல் குறுக்கே வந்தது. "ஏளா, நிறுத்து. முப்பத்தெட்டு வருசமா ஒருத்தன் கெடக்கான். அவனப் பாத்து ஒனக்குச் சொகமாவணுமான்னு கேக்கலாமா? இது என்ன கேள்வி? எங்கிட்ட ஒருத்தன் அப்படிக் கேட்டா செம்ப எடுத்து எறிஞ்சிருவேன்."

வாசலில் பெண்கள் சிரித்தார்கள். போதகருக்கு வியர்த்தது. பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

தங்கமயில் அவசரப்படவில்லை. "எறிவீரு, தெரியும். ஆனா ரோசிச்சுப் பாரும். முப்பத்தெட்டு வருசத்துல அவங்கிட்ட ஒனக்கு என்ன வேணும்னு ஒரு ஆளு கேட்டிருப்பானா? சோறு போட்டிருப்பாங்க. ஐயோ பாவம்னிருப்பாங்க. கேட்டிருக்க மாட்டாங்க. படுத்துட்டான்னா அவனுக்கு விருப்பம்னு ஒண்ணு கெடயாதுன்னு நெனச்சிருவாங்க. இவருதான் மொத மொதல்ல நின்னு, குனிஞ்சு, அவன் வாயால சொல்லட்டும்னு கேட்டாரு. எந்திரிக்க வச்சது பொறவு. கேட்டதுலயே அவன் பாதி மனுசனாயிட்டான். ஐயரு சொன்னாங்க."

ஐயர் சொல்லவில்லை. ஐயருக்கு அது தோன்றியதே இல்லை.

சுவரில் சாய்ந்து நின்றவருக்கு முதலில் சுருக்கென்றது. தன் மூன்று தலைப்புகளும் போன இடம் தெரியவில்லையே என்ற சின்னக் கோபம்கூட வந்தது. அதற்குள் சைனப் தையலை நிறுத்திவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தார். கோபம் நின்ற இடம் தெரியவில்லை.

அவரைக் கண்டதும் பெண்கள் எழுந்தார்கள். தங்கமயில் திருட்டில் பிடிபட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். பதினோரு வருஷமாக நடக்கிற காரியம் இது என்று சைனப்தான் சொன்னாள். சபை முடிந்து வந்ததும், ஐயர் என்ன சொன்னார் என்று சுடலை கேட்பாராம். படுத்துக் கிடப்பவருக்குப் பொழுது போக வேண்டுமே. அவள் சொல்லச் சொல்ல இவர் குறுக்குக் கேள்வி போடுவாராம். கல்யாண்காரத் தம்பி வந்த பிறகு அவன் பேசுவது மனதில் நிற்கவில்லை என்று பழைய பிரசங்கங்களையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

வேதமாணிக்கம் உள்ளே போய்ச் சுடலையின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். ஜெபம் வரும் என்று சுடலை வழக்கம்போலக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். போதகர் அவர் காதருகே குனிந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்கு வெளியே அவர் வாய் திறந்தது அன்றுதான்.

"ஒமக்கு என்ன வேணும், சுடலை?"

காற்றாகத்தான் வந்தது. ஆனால் சுடலைக்குக் கேட்டது. கூரையிலிருந்து கண்ணை எடுத்துப் போதகரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மழ பெய்யுதப் பாக்கணும். பதினோரு வருசமாத் தகரத்துல சத்தந்தான் கேக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் வேதமாணிக்கம் நடந்ததையெல்லாம் நோட்டில் ஒரு பக்கம் நிறைய எழுதி ரூபிணியிடம் காட்டினார். அவள் படித்துவிட்டு ஆச்சரியப்படவில்லை. பெண்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான் என்றாள். தனக்கும் தெரியும், இரண்டு தரம் போய்க் கேட்டிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று அவர் பார்த்தார். "நீங்க பேசிட்டே இருக்கும்போது உங்ககிட்ட யாரு எதைச் சொல்ல?" என்று சொல்லிவிட்டு ரூபிணி அரிசி களையப் போனாள்.

அந்த வாரம் அவர் செல்லத்துரையைக் கடையில் பார்த்து, தங்கமயிலை ஒரு ஞாயிறு பேச வைக்கலாம் என்று எழுதிக் காட்டினார். செல்லத்துரைக்கு முகம் மாறியது. தங்கமயில் நல்ல பெண்பிள்ளை, அதில் சந்தேகமில்லை என்றார். ஆனால் பீடத்தில் ஒரு பெண், அதுவும் எழுத்துத் தெரியாதவள், வீட்டுக்காரர் ஞானஸ்நானம் எடுக்காதவர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற சபைக்காரர்கள் கேள்விப்பட்டால், தாராவிக்காரர்களுக்கு ஒரு போதகர்கூடக் கிடைக்கவில்லையா என்று கேலி செய்வார்கள். இதை அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. இந்தச் சபையை நாலு பேர் மதிக்க வேண்டும் என்று இருபது வருஷம் பாடுபட்டவர்.

தங்கமயிலே மறுத்துவிட்டாள். கூட்டத்தைப் பார்த்தால் தனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும் என்றாள். "அவரு கேட்டாத்தான் ஐயா எனக்கு வரும். தானா வராது." அதோடு பேச்சு முடிந்தது.

ஜூலை இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை முழுக்க விடவில்லை. ஞாயிறு விடிந்தபோது நாலா என்கிற பெருங்கால்வாய் நிரம்பிச் சாக்கடைத் தண்ணீர் சந்துகளில் முழங்கால்வரை நின்றது. ஒன்பது மணிக்கு ஷாகுல் ஹமீது பட்டறையிலிருந்து செய்தி வந்தது. குர்லாவில் தண்டவாளம் முங்கிவிட்டது, லைன் பந்த், ரயில் ஓடாது. கல்யாணிலிருந்து யாரும் வரப் போவதில்லை.

சபைக் கட்டிடம் மூன்றடி உயர மேடையில் இருந்தது. அந்தப் பகுதியில் தண்ணீர் ஏறாத இடம் அது ஒன்றுதான். வேதமாணிக்கம் இரண்டு கதவையும் அகலத் திறந்துவைத்தார். முதலில் சபைக்காரர்கள் தட்டுமுட்டுச் சாமானோடு வந்தார்கள். பிறகு சந்து முழுக்க வந்தது. சைனப்பின் மாமியாரை உட்காரவைக்க முன் பெஞ்சைக் காலி செய்தார்கள். டீக்கடைக்காரர் ஸ்டவ்வோடு வந்து, எங்கே வைக்க என்று கேட்டார். ஞானஸ்நானத் தொட்டியின் பக்கத்தில் வைக்கச் சொன்னாள் ரூபிணி.

தங்கமயிலைக் காணவில்லை. அவள் வீடு சந்திலேயே பள்ளமான இடம். போதகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பின்னாலேயே செல்லத்துரை இறங்கினார். கண்டக்டர் ஆசீர்வாதமும், சைனப்பின் புருஷன் மன்சூர் அலியும் வந்து சேர்ந்தார்கள். தங்கமயில் வீட்டில் கட்டிலின் மேல் கட்டிலை ஏற்றி, அதன்மேல் சுடலை கிடந்தார். கீழே இடுப்பளவு தண்ணீரில் தங்கமயில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவைக் கழற்றினார்கள். சுடலையை அதன்மேல் கிடத்தி, நாலு பேரும் ஆளுக்கொரு மூலையாகத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தில் நடந்தார்கள். தங்கமயில் முன்னால் காலால் தடவித் தடவிக் குழி பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். சாக்கை எடுத்துச் சுடலையின் முகத்தில் போர்த்தப் போனார் ஆசீர்வாதம். சுடலை அவர் கையைத் தட்டிவிட்டார். முகத்தில் அடித்த மழையைக் கண்ணைத் திறந்துகொண்டே வாங்கினார். ஐம்பத்தாறு வயதில் தோள் எலும்பில் கதவு அழுந்த நடந்துகொண்டிருந்த வேதமாணிக்கம் அதைப் பார்த்தார்.

சபைக்குள் கதவோடு அவரைப் பீடத்தின் முன்னால் தரையில் இறக்கினார்கள். இருநூறு பேராவது இருக்கும், நிற்க இடமில்லை. மணி பத்தரை ஆகியிருந்தது. பிள்ளைகள் இந்தி நோட்டைப் பிரித்து ஒரு கீர்த்தனை பாடின. அடுத்தது பிரசங்கத்தின் நேரம். எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். போதகர் தரையைப் பார்த்தார். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

சுடலை தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். "ஏளா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமதான? சொல்லு."

தங்கமயில் அவர் வாயைப் பொத்தப் போனாள்.

"நாலு பேரு ஒருத்தனக் கட்டிலோட தூக்கிட்டுப் போன கத ஒண்ணு சொல்லுவியே. அதச் சொல்லு. இன்னைக்கு எனக்கு அது வேணும்."

அவள் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கூட்டத்துக்கு முதுகு காட்டி, அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதலில் முன் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. இயேசு இருந்த வீட்டில் கூட்டம், உள்ளே போக வழியில்லை, நாலு பேரும் கூரைமேல் ஏறினார்கள் என்று வரும்போது குரல் தன்னால் ஏறியது. மழையை மிஞ்ச வேண்டுமே. கூரையைப் பிரித்தார்கள் என்றதும் சுடலை கேட்டார்: "வீட்டுக்காரன் சும்மாவா இருந்தான்? நம்ம கூரையில ஒரு தகரத்த எவனாவது பிரிக்கட்டும், கொல விழும்."

இருநூறு பேரும் சிரித்தார்கள். தாராவியில் கூரையின் அருமை தெரியாதவர்கள் யார்?

"வீட்டுக்காரன் ஏசியிருப்பான்தான்," என்றாள் தங்கமயில். இப்போது பாதி திரும்பியிருந்தாள். "உள்ள இருந்தவரு ஏசல. அவரு தலையிலயும் மண்ணு விழுந்திருக்கும். தட்டிவிட்டுட்டு மேல பாத்தாரு. ஓட்ட வழியா நாலு மூஞ்சி தெரிஞ்சுது. படுத்துக்கெடந்தவன் நம்புனானான்னு வேதத்துல எழுதல. தூக்கிட்டு வந்த நாலு பேரோட நம்பிக்கையப் பாத்தாருன்னுதான் இருக்கு. அது போதும்னுட்டாரு. எல்லாருக்கும் எல்லா நாளும் நம்பிக்க இருக்காது. இல்லாத அன்னைக்குத் தூக்கிட்டுப் போக நாலு பேரு வேணும். அந்த நாலு பேரு எந்த ஊரு, எந்தச் சபன்னும் எழுதல. அவங்க தோள்ல காச்சுப்போன எடம் இருக்கு பாரும், அதுக்குப் பேருதான் சப." சுடலையின் நெற்றியில் வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்தாள். "ஐயரு சொன்னாங்க."

மன்சூர் அலி தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

செல்லத்துரை எழுந்து நின்றார். வேட்டி இடுப்புவரை நனைந்து ஒட்டியிருந்தது, தோளில் கதவுச் சட்டம் அழுத்திய சிவப்புக் கோடு.  அப்போது வேதமாணிக்கம் அவரை நோக்கிப் போனார். கையைப் பிடித்து இழுத்துக் காதில் ஏதோ சொன்னார். செல்லத்துரை திகைத்துப் பார்த்தார். போதகர் விடவில்லை. சத்தமாகச் சொல்லும் என்று கூட்டத்தைக் காட்டினார்.

செல்லத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஐயரு ஒண்ணு சொல்லச் சொல்லுதாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இது நான் சொன்னதில்ல. இந்தப் பீடத்துல நான் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்ல. எனக்குத் தெரியவும் தெரியாது. இது தங்கமயில் சொன்னது. ஆண்டவர் அவளுக்குக் கொடுத்தது. எனக்குக் கொரல் இருந்தா இதத்தான் தொண்ணூறு அடி ரோடு வரைக்கும் கேக்கச் சொல்லியிருப்பேன்னு சொல்லுதாங்க."

சொல்லி முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தங்கமயில் அழுதாள். சுடலை மட்டும், வீட்டுக்காரனுக்குக் கூரையை யார் திரும்ப மேய்ந்து கொடுத்தது என்ற தன் அடுத்த கேள்விக்குப் பதில் வரவில்லை என்று முணுமுணுத்தார்.

வேதமாணிக்கம் பீடத்தின் படியில் உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம் பேசி இறங்குகிற ஞாயிறுகளில் அவர் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். இன்று அதைவிட அதிகமாக நிமிர்ந்தது. ஒரு தகப்பனுக்குப் பிள்ளை தன்னைவிட உயரமாய் வளர்ந்து வாசலில் குனிந்து நுழைவதைப் பார்க்கும்போது வருமே, அந்த மாதிரி. பத்தொன்பது வருஷம் விதைத்தோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். விதைத்ததில் என்ன முளைத்தது என்று ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

தண்ணீர் திங்கட்கிழமை வடிந்தது. அடுத்த கமிட்டியில் செல்லத்துரையே தீர்மானம் கொண்டுவந்தார். மாதத்தில் இரண்டு ஞாயிறு தங்கமயில் பேசுவாள். பீடத்தில் ஏறமாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். கீழே நின்றுதான் பேசினாள். மற்ற ஞாயிறுகளில் சபையிலேயே வேறு யாராவது பேசினார்கள். ஒருமுறை கண்டக்டர் ஆசீர்வாதம் நடுங்கிக்கொண்டே பேசினார். சனிக்கிழமை சாயங்காலங்களில் பேசப் போகிறவரோடு போதகர் உட்கார்ந்து, வேதவசனத்தை வாசித்துக் காதோடு காதாக விளக்குவார். சொல்லிக்கொடுத்ததைவிடக் கேட்டுக்கொண்டதுதான் அதிகம்.

சுடலையைத் தூக்கிவர ஷாகுல் ஹமீது பட்டறையில் கித்தான் துணியும் மூங்கிலும் வைத்து ஒரு தூளி தைத்துக் கொடுத்தார்கள். தங்கமயில் பேசுகிற ஞாயிறுகளில் சுடலை தவறாமல் வந்தார், தவறாமல் குறுக்கே கேட்டார். அவர் இன்றைக்கு என்ன கேட்பார் என்பதற்காகவே வந்தவர்கள் உண்டு. கடைசிவரை அவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. போதகரும் கேட்கவில்லை.

குரல் திரும்பவில்லை. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது வைக்கிற பெயரும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்கிற திரியேக நாமமும் பிள்ளையின் காதுக்கு மட்டும்தான் கேட்டன. தாய்மார் அதைப் பெரிய விசேஷமாக எடுத்துக்கொண்டார்கள். ராஜினாமாக் கடிதம் என்ன ஆயிற்று என்று அவர் ஒருநாள் செல்லத்துரையிடம் கேட்டார். சட்டையோடு வெளுக்கப் போட்டுவிட்டேன் என்றார் அவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

மறுவருஷம் செம்பூரில் தமிழ்ப் போதகர்கள் கூடுகிற மாதக் கூட்டத்துக்கு வேதமாணிக்கம் போயிருந்தார். பெரிய சபை ஒன்றின் போதகர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வருத்தமான குரலில், பிரசங்கத்துக்கு என்ன செய்கிறீர்கள், யாராவது உதவிக்கு வருகிறார்களா என்று விசாரித்தார். தங்கள் சபையிலிருந்து மாதம் ஒருமுறை ஆள் அனுப்பட்டுமா என்றும் கேட்டார்.

வேதமாணிக்கம் நோட்டை எடுக்கவில்லை. அவர் காதருகே குனிந்தார். "எங்க சபையில பைக்குத் துணி ஒட்டுத ஒரு அம்மா பேசுதாங்க. நீங்க ஆளு அனுப்ப வேண்டாம். நீங்களே வாங்க. ஒம்பதரைக்கு முன்னால வந்துருங்க, இல்லன்னா நிக்க வேண்டியிருக்கும்."